இடது பக்கம் இழுத்த கார்!

மச்சினன் பேச்சைக் கேட்டு நான் வாங்கியவற்றில் இரண்டாவது, அந்த 2008 மாடல் மாருதி 800. (முதலாவது ஒரு சீட்டு. அதை விடுங்கள்.)

"வெண்ணெய் மாதிரி ஓடும் மாமா!" என்றான். ஓடியது. என்ன, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், பிளாட்பாரத்தில் தெரிந்தவரைப் பார்த்துவிட்ட மாதிரி இடது பக்கம் ஒதுங்கும்.

"அலைன்மென்ட் போயிருக்கும்ப்பா" என்று ஆபீஸில் தீர்ப்பு சொன்னார்கள். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். காற்றடித்து, நாலு சக்கரத்திலும் கிளாம்ப் மாட்டி, திரையில் சிவப்பாக இருந்த எண்களைப் பச்சையாக்கி, ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் நேராகப் போயிற்று. அப்புறம் பழைய குருடி, கதவைத் திறடி! மறுபடி போனேன். மறுபடி பச்சை. மறுபடி ஐநூறு.

2022-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி, மகளோடு மேல்மருவத்தூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். செங்கல்பட்டு தாண்டியதும் வண்டி நடுங்க ஆரம்பித்தது. ஒரு பஞ்சர் கடையில் ஓரங்கட்டினேன். கடைக்காரர் ஸ்டீயரிங்கை ஒருபக்கமாகத் திருப்பச் சொல்லி, இடது முன் டயரின் உள்பக்கத்தை டார்ச் அடித்துக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் ஜோராக இருந்த டயர், உள் ஓரத்தில் மொட்டையாகி, கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது!

"கோயிலுக்குப் போயிட்டா வர்றீங்க? அதான் சார், வெடிக்கல" என்றார்.

பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை உதறியது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீடு வரை நாற்பதைத் தாண்டவில்லை.

மறுநாள் தாம்பரத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். கதையைக் கேட்டவர் முதலில் எடுத்தது காற்று பார்க்கும் மீட்டரை!

"பஞ்சர் கடையில மாத்துன டயரையும் காட்டுங்க." காட்டினேன். இருபது பாயின்ட்கூட இல்லை. வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்தார். குமிழி விட்டது. "இழுத்தது இதுதான் சார். காத்து கம்மியான பக்கம்தான் வண்டி போகும். அவங்க காத்தடிச்சாங்க, நேரா போச்சு. பத்து நாள்ல இறங்கிச்சு, இழுத்துச்சு."

அப்படியானால் ஆயிரம் ரூபாய்?

"இருங்க, டயரைத் தின்னது வேற ஆளு" என்று ஜாக்கி போட்டார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. "பேரிங், பால் ஜாயின்ட் பரவால்ல." அடுத்து கடிகாரத்தில் ஒன்பது மணி, மூணு மணி இடத்தில் பிடித்து ஆட்டினார். டொக்... டொக்... "டை ராடு எண்டு போச்சு. ஆடுற பல்லுக்கு மேல தங்கக் கேப் போட்டிருக்கீங்க. கம்ப்யூட்டருக்கு நிக்கிற வண்டிதான் சார் தெரியும்!"

சார்லி சாப்ளின் பாதத்தை அகட்டி நிற்பாரே, சக்கரங்கள் அப்படி நின்றால் டோ-அவுட். உள்பக்கம் பார்த்து நின்றால் டோ-இன். டோ-அவுட் உள் ஓரத்தைத் தின்னும். டோ-இன் வெளி ஓரத்தை. என் காரில் ஜாயின்ட் ஆடியதால் ஓடும்போது சக்கரம் சாப்ளின் ஆகிவிட்டது. இரண்டு சக்கரங்களின் முன் இடைவெளிக்கும் பின் இடைவெளிக்கும் வெறும் மூணு மில்லிமீட்டர் பிசகு என்று வையுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்கிறது! தேங்காய் துருவுகிற மாதிரிதான். டயரின் குறுக்கே உள்ளங்கையைத் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, திரும்பி வரும்போது சொரசொரப்பு என்றால் துருவல் ஆரம்பம்.

எண்டு இரண்டும் மாற்றி, வால்வு மாற்றி, புது டயர் போட்டு, அதற்கப்புறம்தான் அலைன்மென்ட்டுக்கு அனுப்பினார். "ஸ்டீயரிங்கை நேரா வெச்சுப் பூட்டச் சொல்லுங்க, இல்லாட்டி வண்டி நேரா போகும், ஸ்டீயரிங் கோணலா நிக்கும்" என்று சொல்லித்தான் விட்டார். என் மாதிரி சின்ன வண்டியில் முன்னால் சாதாரணமாகத் திருத்த முடிவது டோ ஒன்றைத்தான். கேம்பர் பிசகியிருந்தால், ஏதோ குழியில் இறங்கி எதுவோ வளைந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

"எல்லாம் சரி பண்ணியும் இழுத்தா?" என்று கேட்டேன். (ஆயிரம் ரூபாய் கொடுத்தவன், கேட்கத்தான் செய்வேன்.)

"முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போடுங்க. இழுப்பும் பக்கம் மாறினா டயர்தான் குத்தவாளி. எண்பதுல ஸ்டீயரிங் உதறினா அது பேலன்சிங், வேற கதை. ரொம்ப லேசா இடது பக்கம் போனா ஒண்ணும் பண்ணாதீங்க. தண்ணி வடியறதுக்காக ரோடே அந்தப் பக்கம் சாய்வு."

போன மாதம் மச்சினன் வந்தான். "மாமா, என் வண்டி லேசா இழுக்குது, அந்த கம்ப்யூட்டர் கடை எங்க இருக்கு?"

"காத்து பாத்தியாடா?" என்றேன்.