போயிக் பாலத்தின் குறுக்கம்

இங்கிலாந்தின் வூஸ்டர் நகரை ஒட்டி, டீம் ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம் கிடக்கிறது. போயிக் பாலம் என்று பெயர். செங்கல்லும் மணற்கல்லுமாகக் கட்டியது. காரும் லாரியும் அதில் ஏறுவதில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் வழி. நெடுஞ்சாலைப் போக்குவரத்தெல்லாம் பக்கத்தில் 1837இல் எழுந்த வார்ப்பிரும்புப் பாலத்தில் விரைகிறது.

1642இல் தெற்கிலிருந்து வூஸ்டருக்குப் போகும் ஒரு வழி இந்தக் குறுகலான பாலத்தின் மேல்தான் போனது. அந்தக் குறுக்கம்தான் ஒரு சண்டையைத் தீர்த்தது.

மன்னர் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்துக்கு எதிராகப் போர்க்கொடி ஏற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் திரட்டிய வெள்ளிப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு மன்னர் தரப்பின் சர் ஜான் பைரன் வூஸ்டருக்குள் வந்து சேர்ந்திருந்தார். அவரை மடக்க நாடாளுமன்றப் படை நெருங்கிக்கொண்டிருந்தது. பைரனைப் பத்திரமாக வெளியே கொண்டுவர மன்னரின் சகோதரி மகன் ரூபர்ட் இளவரசர் போனார். வயது 22. ஐரோப்பியப் போர்களில் சண்டையும் பார்த்தவர், சிறையும் பார்த்தவர்.

செப்டம்பர் 23. பாலத்துக்கு வடக்கே ஒரு வயல்வெளியில் ரூபர்ட்டின் ஆட்கள் கவசத்தைக் கழற்றிவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். எதிரி இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியாது. மறுபக்கம் கர்னல் ஜான் பிரவுன் தலைமையில் நாடாளுமன்றக் குதிரைப்படை. இரு தரப்பிலும் ஏறக்குறைய ஆயிரம் குதிரைகள். அவர்களுக்கும் ரூபர்ட் அங்கே இருப்பது தெரியாது. பாலத்தைக் கடந்தார்கள், அதற்கப்பாலும் இரு பக்கமும் உயிர்வேலி அடைத்த ஒடுங்கிய சந்து. ஆயிரம் குதிரை என்று கணக்குச் சொல்லலாம், ஆனால் வயலில் தலைகாட்டியது ஒரு சிறு வரிசைதான். பின்னால் வந்தவர்கள் பாலத்திலும் சந்திலும் மாட்டி நின்றார்கள்.

ரூபர்ட் கவசம் மாட்டக்கூட நிற்கவில்லை. குதிரை மேல் தாவி, வாளோடு பாய்ந்தார். நாடாளுமன்றத் தரப்பில் நத்தேனியல் ஃபைன்ஸின் ஆட்கள் மட்டும் எதிரி கிட்ட வரும்வரை பொறுத்துச் சுட்டார்கள். மற்றவர்கள் சிதறினார்கள். கர்னல் எட்வின் சாண்ட்ஸ் பட்ட காயத்திலேயே பிறகு இறந்தார். ஓடியவர்கள் பெர்ஷோர் வரை ஓட, அங்கே காத்திருந்த நாடாளுமன்றப் படைத்தலைவர் எசெக்ஸ் பிரபுவின் மெய்க்காவல் படைக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

ஆனால் ஊர் யாருக்குக் கிடைத்தது? தோற்றவர்களுக்கு! வெள்ளியோடு ரூபர்ட் கிளம்பிவிட, மறுநாளே எசெக்ஸ் வூஸ்டருக்குள் நுழைந்தார். ரூபர்ட்டுக்கு மிஞ்சியது பெயர். அவருடைய குதிரைகளை எதிர்த்து நிற்க முடியாது என்ற பேச்சை ஒரு மத்தியான வேளையே கிளப்பிவிட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து எட்ஜ்ஹில்லில் பெரும்போர் நடந்தபோது அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் ஓடியது.

அதே பாலத்துக்கு 1651 செப்டம்பர் 3இல் மறுபடி வேலை வந்தது. இந்த முறை மன்னர் தரப்பின் ஸ்காட்லாந்துக்காரர்கள் பாலத்தை உடைத்துவிட்டு வடகரையில் காத்து நின்றார்கள். நாடாளுமன்றத் தரப்பின் தலைவர் குரோம்வெல்லின் படை பாலத்தை நம்பி இருக்கவில்லை; படகுகளைச் சேர்த்துக் கட்டி, டீம் மீதும் செவர்ன் ஆற்றின் மீதும் புதுப் பாலங்களையே போட்டது. உள்நாட்டுப் போர் அன்றோடு முடிந்தது. போயிக் தேவாலயக் கோபுரத்தில் குண்டு பட்ட தழும்புகள் இன்றும் இருக்கின்றன.

1786இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சனோடு வூஸ்டர் வந்தார். போர்க்களத்தைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு அக்கறையே இல்லை என்று கண்டு, புனித மண்ணை மறந்துவிட்டீர்களே என்று அவர்களையே கடிந்துகொண்டார். அதைக் கேட்டு அவர்கள் மகிழ்ந்ததாக நாட்குறிப்பில் அவரே எழுதி வைத்திருப்பது தனி வேடிக்கை.

1837இல் புதுப் பாலம் வந்தபோது பழையதை இடிக்கவில்லை. அதை அகலப்படுத்திக் குலைக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. 1894இல் பக்கத்து ஆலை மின்நிலையமாகி, டீம் ஆற்று நீராலும் நீராவியாலும் வூஸ்டருக்கு மின்சாரம் கொடுத்தது. உயர்ந்த புகைபோக்கி இப்போதும் நிற்கிறது. அதன் கீழே இருப்பவை அடுக்குமாடி வீடுகள்.