பாட்டு கேட்க ஆசைப்பட்டு காரைக் கொளுத்திவிடாதீர்கள்! ஸ்டீரியோ ஒயரில் பியூஸ் எங்கே?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மாலை நேரம் நடந்து போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ரோட்டோரமாக ஒரு கார். கதவெல்லாம் திறந்து கிடக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்தபடி ஒரு பையன். பல்லால் ஒயரை உரிப்பான். இரண்டு முனையைச் சேர்த்து முறுக்குவான். மேலே கறுப்பு டேப்பைச் சுற்றுவான். கொஞ்ச நேரத்தில் புது ஸ்டீரியோ அலறும்.

கார்காரருக்கு ஒரே குஷி! காசைக் கொடுத்துவிட்டு பாட்டோடு கிளம்பிவிடுவார். உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு.

கேட்டால், "வெறும் 12 வோல்ட்தானே சார், ஷாக்கா அடிக்கப் போகுது?" என்று பதில் வரும்.

ஷாக் அடிக்காதுதான். ஆனால் தீப்பிடிக்குமே!

நூற்றுக்கணக்கில் ஆம்பியர்

காரை ஸ்டார்ட் செய்ய செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவது இதே 12 வோல்ட் பேட்டரிதான். ஒயர் பாடியில் பட்டு ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர் பாய்ந்துவிடும். மெல்லிய ஒயர் சில நொடிகளில் பழுத்துவிடும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உருகும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதோ ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்கும். பிடிக்கக் கேட்க வேண்டுமா?

இதைத் தடுக்கத்தான் பியூஸ். பலரும் பியூஸ் ஸ்டீரியோவைக் காப்பாற்ற என்று நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை ஒயரைக் காப்பாற்றுவது. அதனால்தான் அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

ஸ்டீரியோவை மட்டும் மாற்றினால் கார் கம்பெனி போட்ட பியூஸே ஒயருக்குக் காவல். வம்பு தொடங்குவது டிக்கியில் ஆம்ப்ளிபயர் வைக்கும்போது. அதற்கு பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுப்பார்கள். பானெட்டுக்குள்ளிருந்து தகரத்தில் ஓட்டை வழியாக அது உள்ளே வரும். ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி. நம்ம ஊர் மேடு பள்ளத்தில் கார் ஆடும்போதெல்லாம் ஒயர் அதில் உரசும். ஒருநாள் மேல்தோல் அறுந்து செம்பு தகரத்தில் படும்.

பியூஸ் டிக்கியில் இருந்தால் அதற்கு இது தெரியவே தெரியாது. ஷார்ட் ஆனது அதற்கு முன்னால்! பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஓட்டையில் ரப்பர் வளையமும் மாட்ட வேண்டும்.

சிகரெட் பேப்பர்

பியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவது பழைய தந்திரம். இப்போது செய்வது அதைவிட நாசூக்கு. 10 ஆம்பியர் பியூஸின் நிறம் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு அடிக்கடி போகிறது என்று பச்சையைச் செருகிவிடுகிறார்கள். பியூஸ் போகாது. ஒயர்தான் போகும்!

இன்னொரு வேடிக்கை. டப்பாவில் "200 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் 10 ஆம்பியர் பியூஸ். என்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட்; பெருக்கினால் 140 வாட்ஸ்தான் வருகிறது. டப்பாவை விட பியூஸ் யோக்கியன்.

மஞ்சள், சிவப்பு, கறுப்பு

பெரும்பாலான ஸ்டீரியோக்களில் மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர். கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில் ஓடும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும். கறுப்பு எர்த். இரண்டையும் மஞ்சள் லைனிலேயே கோத்துவிட்டால் சாவியை எடுத்தாலும் செட் தூங்காது. சில நாளில் காரைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

ஆனால் இந்த நிறமெல்லாம் ஸ்டீரியோவுக்குத்தான். காருக்குள் வரும் ஒயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்பி இணைக்கக் கூடாது. ஏர்பேக் கப்ளரும் மஞ்சள் நிறம்தான்! அதில் டெஸ்ட் லாம்ப் வைத்தால் பை முகத்தில் வெடித்து விரியலாம். தெரியாத மஞ்சளில் கை வைக்கவே கூடாது.

அம்பாசிடர் காலத்து மெக்கானிக் சிலர் ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியிலேயே இணைத்துவிடுவார்கள். பழைய செட்டுக்கு அது ஒத்துவந்தது. இன்றைய செட்டில் அப்படிச் செய்தால் உள்ளே ஐ.சி. காலி.

ஒயரையே வெட்டாமல் அந்தந்த மாடலுக்கென்று கப்ளர் கிட் கிடைக்கிறது. செருகினால் முடிந்தது. டேப் வேலையும் இல்லை. வெயிலில் டேப்பின் பசை இளகி, ஒயர் அம்மணமாகிற கதையும் இல்லை. வெட்டின காருக்கு வாரண்டி கேட்டுப் போனால் கம்பெனிக்காரர் உதட்டைப் பிதுக்கலாம்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். அதுவும் முதலில் நெகட்டிவ்! பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

ஓட்டும்போது பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தால் "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று இழுத்தடிக்கக் கூடாது. ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பானெட்டிலிருந்து புகை வந்தால் அதை விரியத் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ மளமளவென்று ஏறும். தீயணைப்புக்கு 101.

புது செட் மாட்டியதும் கடை வாசலிலேயே கால் மணி நேரம் சத்தமாகப் பாடவிட்டு, பியூஸ் இருக்கும் இடத்தையும் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால், பிரித்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள். பர்ஸை அதுவரை எடுக்க வேண்டாம்.