அவசரப் பிரிவில் அரிவாள் செல் குழந்தைகள்

அரிவாள் செல் சோகை உள்ள குழந்தையை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் வலி அல்லது காய்ச்சல். பரம்பரையாக வரும் இந்த நோயில் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கின்றன. இந்தியாவில் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது முதலில் கண்டறியப்பட்டது.

இந்த அடைப்பால் வரும் வலியை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ அளந்து காட்டாது. வலியோடு வளர்ந்த குழந்தை அழாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் வலி இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய அநீதி. செவிலியர் ஆறு முகங்கள் வரைந்த வோங்-பேக்கர் அட்டையை நீட்டுகிறார். குழந்தை தொட்டுக் காட்டும் முகத்துக்குரிய எண், 0 முதல் 10 வரை, குறிப்பில் ஏறுகிறது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலி மருந்து உள்ளே போக வேண்டும். பிறகு அட்டையை மறுபடி காட்டிக் கேட்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், ஐஸ் ஆகாது. குளிர் பட்டால் வலி கூடும்.

பலமுறை ஊசி குத்திய கையில் மருந்து ஏற்ற ரத்தக்குழாய் எளிதில் கிடைக்காது. எந்தக் கை தோது என்பது அம்மாவுக்குத் தெரியும். அனுபவமுள்ள செவிலியர் முதலில் அவரைத்தான் கேட்பார்.

காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அவசரம் இன்னும் கூடுகிறது. இக்குழந்தைகளுக்கு மண்ணீரல் சிறுவயதிலேயே செயலிழப்பதால், நிமோகாக்கஸ் கிருமி சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடக்கூடும். ரத்த மாதிரி எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றப்படுகிறது. பரிசோதனை முடிவுக்காக யாரும் காத்திருப்பதில்லை.