பேரும் அரைப்பேரும்: லம்டாச் சார்பு பற்றிய ஒரு விளக்கம்

செய்நிரலாக்கத்தில் பெயரிடப்படாத சார்பினை லம்டா என்பர். அலன்சோ சேர்ச் 1930களில் வகுத்த லம்டா நுண்கணிதம் இதன் மூலமாகும். ஜோன் மக்கார்த்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரை வழியே அது செய்நிரலாக்கத்தினுட் புகுந்தது. நம் உயர்தர மாணவர் பயிலும் பைதனிலும் அது உண்டு. பலர் அதனை வெறும் சுருக்கெழுத்தாகவே கொள்கின்றனர். சுருக்கம் அதன் பயன்களுள் மிகச் சிறியது.

தேயிலையும் இறப்பரும் அருகருகே விளையும் புளத்கொகுபிட்டியத் தோட்டப்புறத்தை நோக்குவோம். தோட்டத் தமிழில் 'பேர்' என்பது ஒரு நாட் சம்பளம். நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் 'அரைப்பேர்'. (உழைப்பவரின் பெயரே கூலிக்கு அலகாகிய இச்சொல்லாட்சி தனியே ஆராயத்தக்கது.) செக்ரோல் கணக்கைச் செய்நிரலாக எழுதுமிடத்து, ஒவ்வொருவரின் நிறையையும் எடுத்து, விதியைப் பிரயோகித்து, முழுப்பேரா அரைப்பேரா எனப் பதியும் சார்பு ஒன்றே போதும். விதி அதனுள் இல்லை, வெளியிலிருந்து தரப்படுகிறது. கொழுந்துக்கு 'லம்டா கிலோ: கிலோ >= 18' எனத் தரலாம்; இறப்பர்ப் பாலுக்கு வேறொன்று. இவ்வாறு இன்னொரு சார்பை ஏற்று இயங்குவதே உயர்வரிசைச் சார்பு எனப்படும்.

18க்குப் பதிலாக 'வரம்பு' என்ற வெளி மாறியை இட்டால் நிலைமை வேறாகிறது. பைதன் அதன் பெறுமானத்தை, விதி எழுதப்பட்ட வேளையிலன்றி, பிரயோகிக்கப்படும் வேளையிலேயே தேடும். காலையில் 18 ஆக இருந்ததை மாலை நிறுவைக்கு முன் எவரேனும் 20 ஆக்கின், விதியில் ஓர் எழுத்தும் மாறாமலே 19 கிலோ கொய்தவர் அரைப்பேருக்கு இறங்குவார். 'லம்டா கிலோ, வரம்பு=வரம்பு: கிலோ >= வரம்பு' என எழுதினாற் காலைப் பெறுமானம் நிலைக்கும்.

இது வெறும் இலக்கண நுட்பமன்று. குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. ஆயிரம் ரூபா வந்தபின் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய நிறை உயர்த்தப்பட்டதென முறைப்பாடுகள் எழுந்தன. தொகை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வரம்போ அதை நிர்ணயிப்போர் கையில் இருந்தது. உற்பத்தி உறவை அறிய விரும்புவோர் விடையை மட்டுமன்றி, விதியை அளித்தவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும்.

ஆதலின் கூலி விதியை லம்டாவாக எழுதுவதை நாம் விரும்போம். பைதனில் லம்டா ஒரேயொரு கோவையை மட்டுமே ஏற்கும். அரைப்பேர், மேலதிகக் கிலோ, வரவு என நிபந்தனைகள் பெருகுகையில் அது வாசிக்க இயலாததாகிறது. வழு நேரின் செய்நிரல் சார்பின் பெயராகக் காட்டுவதும் 'லம்டா' என்ற பொதுப் பெயரை மட்டுமே. எந்த விதி பிழைத்தது என்பது அப்பெயரிலிருந்து தெரியாது.