ஒழுகும் கூரைக்கு ஒட்டும் டேப்: தெரிந்து பயன்படுத்துவோம்



ஐப்பசி மழை நெருங்கும்போது நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சொல்லும்: "வீடு ஒழுகுகிறது, ஏதாவது செய்து கொடுங்கள்." எல்லோருக்கும் கூரையை மாற்றித் தரும் அளவுக்கு நிதி இருப்பதில்லை. அதனால் கடந்த மழைக்காலத்துக்கு முன்பு சில வீடுகளுக்குக் கசிவை அடைக்கும் தார் டேப் சுருள்களும், அதற்கு முன் பூசும் பிரைமர் டப்பாவும் வாங்கிக் கொடுத்தோம். வேலை நல்லபடியாக முடிந்தது என்றே நினைத்திருந்தோம்.

மழை தொடங்கியபின் எங்கள் தொண்டர்கள் அந்த வீடுகளைப் பார்த்து வரச் சென்றார்கள். ஒரு வீட்டில், சாரல் அடிக்கிறது என்று கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, அறைக்குள் இருந்தபடியே விரிசலில் பிரைமர் பூசியிருக்கிறார்கள். சிறிது நேரத்தில் அந்தத் தாய்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்துவிட்டன. கைக்குழந்தை அதே அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. வாடையை உணர்ந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடி வந்து கதவைத் திறக்கச் செய்ததால், இறையருளால் இருவரும் நலமாக இருக்கிறார்கள்.

இன்னொரு வீட்டில், மிச்சமிருந்த டேப்பைக் கேஸ் டியூபின் வெடிப்பைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மழைத் தண்ணியையே நிறுத்துதே, கேஸை நிறுத்தாதா?" என்றார் அந்த அம்மா. அவர் கேட்டதில் தவறில்லை. டேப்பைக் கையில் கொடுத்த நாங்கள்தான் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்துவிட்டோம். அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே இந்தக் கட்டுரை.

டேப்புக்குள் என்ன இருக்கிறது?

கூரைக்கு ஒட்டும் டேப் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தார் கலந்தது. கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். மற்றொன்று பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. இரண்டின் மேற்புறத்திலும் பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் அலுமினியத் தாள் இருக்கும். கடையில் "வாட்டர்புரூஃப் டேப்", "சில்வர் டேப்" என்று கேட்டால் இவற்றைத்தான் கொடுப்பார்கள்.

சுருளாக இருக்கும்போது இந்த டேப்பால் பெரிய ஆபத்து இல்லை. உள்ளே கலந்துள்ள கரித்தூளும் தாதுப் பொடிகளும் பசையோடு பசையாகப் பிணைந்திருப்பதால் காற்றில் பறந்து மூச்சில் ஏறுவதில்லை. சிலருக்குப் பசை பட்ட இடத்தில் அரிப்போ தடிப்போ வரலாம். கையுறை போட்டுக்கொண்டால் போதும். அலுமினியத் தாளின் ஓரம் பிளேடு போல விரலைக் கிழிக்கும் என்பதாலும் கையுறை நல்லது.

அப்படியானால் ஆபத்து எங்கே? டேப் ஒட்டுவதற்காகக் கூரையைச் சுரண்டும்போதும், பிரைமரை மூடிய இடத்தில் பூசும்போதும், டேப்பைச் சூடாக்கும்போதும், ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டும்போதும்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுரண்டும்போது

நம் பகுதியில் பல வீடுகளுக்குச் சிமெண்ட் ஷீட்தான் கூரை. பழைய ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் நார் கலந்திருக்கும். இன்றும் அப்படிப்பட்ட ஷீட்டுகள் நம் நாட்டில் விற்பனையாகின்றன. ஷீட் முழுதாக, உடையாமல் இருக்கும்வரை நார் உள்ளேயே இருக்கும். டேப் நன்றாக ஒட்ட வேண்டும் என்று கம்பி பிரஷ் வைத்துக் காயத் தேய்த்தாலோ, உப்புத்தாள் போட்டாலோ, துளை போட்டாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்தூள் பறக்கும். அது நுரையீரலில் தங்கிவிடும். பல ஆண்டுகள், பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து நுரையீரல் நோயாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

ஆகவே காய்ந்த ஷீட்டைச் சுரண்டாதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஈரத் துணியால் பாசியையும் அழுக்கையும் மெதுவாகத் துடைத்து எடுங்கள். துடைத்த துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஷீட் நன்றாகக் காய்ந்தபின் டேப்பை ஒட்டுங்கள்.

மற்றொன்று: சிமெண்ட் ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. பழையதாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஷீட்டின் நடுவில் கால் வைக்காமல், அடியில் சட்டம் ஓடும் இடங்களின்மேல் அகலமான பலகை போட்டு அதன்மீது நின்று வேலை செய்யுங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பாசியும் ஈரமும் உள்ள கூரையில் ஏறவே வேண்டாம்.

பிரைமர் பூசும்போது

டேப்பைவிடக் கவனம் தேவைப்படுவது பிரைமருக்குத்தான். தாரையோ ரப்பரையோ தின்னர் போன்ற திரவத்தில் கரைத்துச் செய்வதுதான் பல பிரைமர்கள். டப்பாவைத் திறந்ததும் பெயின்ட் கடை வாடை வருகிறதே, அது அந்தத் திரவம் ஆவியாகிக் காற்றில் கலப்பதால் வருவது. இவ்வகைத் திரவங்களில் டொலுவீன் என்பது பரவலாகப் பயன்படுவது. அதன் ஆவி காற்றைவிடச் சுமார் 3 மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு தங்கும். பாயில் தூங்கும் குழந்தைக்குத்தான் அது முதலில் எட்டும்.

அதிக நேரம் சுவாசித்தால் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தடுமாற்றம் ஆகியவை வரும். மூடிய இடத்தில் மயக்கமும், உயிருக்கே ஆபத்தும் நேரலாம். கர்ப்பிணிகள் இந்த வேலையின் பக்கமே வர வேண்டாம். கருவில் உள்ள குழந்தைக்கும் இது கேடு. துணி முகக்கவசமோ மருத்துவமனை முகக்கவசமோ இந்த ஆவியைத் தடுக்காது. நல்ல காற்றோட்டம் ஒன்றே எளிய பாதுகாப்பு.

இந்த ஆவி எளிதில் தீயும் பிடிக்கும். டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளிவிடும். நம் ஊர் வெயிலில் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிரைமர் பூசும் நாளில் பக்கத்தில் அடுப்பு, பீடி, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் இருக்கக் கூடாது.

முடிந்தவரை கூரையின் வெளிப்புறத்தில், மழையில்லாத காலை வேளையில் பூசுங்கள். உள்ளே பூசித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாக் கதவு, ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் அன்று இரவு உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். தண்ணீர் கலந்த பிரைமரும் கடைகளில் உண்டு. விலை சற்றுக் கூடினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். பல டேப்புகளுக்குச் சுத்தமான, காய்ந்த பரப்பே போதும்; பிரைமரே தேவைப்படாது. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

கீழ்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி இந்த வகைப் பிரைமரைப் பூசவே கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால், தூக்கிவிடலாம் என்று அடுத்தவர் இறங்குவார், அவரும் மயங்குவார். ஒரே தொட்டியில் இருவரும் மூவரும் உயிரிழப்பது இப்படித்தான்.

சூடாக்கும்போது

தானே ஒட்டிக்கொள்ளும் டேப்புக்கு நெருப்புத் தேவையில்லை. கேஸ் டார்ச்சால் சூடாக்கி ஒட்டும் தார் விரிப்பு வேறு வகை. அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. சிலர் ஈரச் சுவரில் டேப் பிடிக்கவில்லை என்று மெழுகுவர்த்தியாலோ டார்ச்சாலோ காட்டுகிறார்கள். உருகிய தார் கையில் சொட்டினால் ஒட்டிக்கொண்டு தோலை ஆழமாக வேகவைத்துவிடும். காய்ந்தபின் ஒட்டுங்கள், அவசரப்பட்டுச் சூடாக்காதீர்கள்.

கூரை வேலையில் சூடான தார்ப்புகையைத் தினமும் சுவாசிப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு என்று அதே ஆராய்ச்சி முகமை 2013இல் வெளியிட்ட தொகுப்பு கூறுகிறது. வீட்டில் ஒரு நாள் டேப் ஒட்டுபவர் இதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இதையே தொழிலாகச் செய்யும் நம் சகோதரர்கள் காற்று வரும் பக்கமாக நின்று, புகை முகத்தில் படாமல் வேலை செய்ய வேண்டும்.

குழாய் வேலை செய்வோரின் வெள்ளை டேப்

பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்பை டெஃப்லான் டேப் என்கிறோம். அதில் பசை இல்லை. சாதாரண நிலையில் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் மிக அதிகச் சூட்டில் அது சிதைந்து நச்சுப் புகையை வெளிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்த சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம், உடல்வலி வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்பதால் வைரல் காய்ச்சல் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதிகமாகச் சுவாசித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்? இறுகிப்போன பழைய இணைப்பைக் கழற்ற டார்ச் காட்டும்போது வரும். அறுத்த துண்டுகளைக் குப்பையோடு எரிக்கும்போது வரும். பீடி, சிகரெட்டாலும் வரும்: டேப் துணுக்கு ஒட்டிய விரலால் பீடியைப் பிடித்தால், துணுக்கு அதில் ஒட்டிக்கொண்டு கங்கில் எரிந்து நேராக நுரையீரலுக்குப் போகும். வேலை நடுவில் புகைக்காதீர்கள். சாப்பிடும் முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேலைக்குப் பின் காய்ச்சல் வந்தால் என்ன வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வளைகுடாவில் குழாய், ஏசி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதைத் தெரியப்படுத்துங்கள்.

ஒட்டக் கூடாத இடங்கள்

1. கேஸ் டியூப்: எந்த டேப்பையும் சுற்றக் கூடாது. அடுப்புச் சூட்டில் பசை இளகும்; வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையில் தேங்கி நிற்கும். டியூபில் அச்சிட்டுள்ள தேதியைப் பாருங்கள். 5 ஆண்டு ஆகிவிட்டாலோ, வெடிப்பு இருந்தாலோ கேஸ் ஏஜென்சியில் புதிய பாதுகாப்பு டியூப் வாங்கி மாற்றுங்கள். அதற்குப் பணமில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

2. மின்கம்பி: கூரைக்கு ஒட்டும் வெள்ளி நிற டேப்பின் அலுமினியத் தாளில் மின்சாரம் பாயும். அதை ஒயரில் சுற்றுவது உயிரைப் பறிக்கும். மின்வேலைக்கென்று உள்ள இன்சுலேஷன் டேப்பும் தற்காலிகம்தான். மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் ஒயர் பழுதானால் ஒயரையே மாற்றுங்கள்.

3. குடிநீர்த் தொட்டியின் உட்புறம்: குடிநீருக்கு ஏற்றது என்று அட்டையில் இல்லாத டேப்பை உள்ளே ஒட்டக் கூடாது.

ஏதாவது நேர்ந்துவிட்டால்

தலைசுற்றினால் உடனே வெளியே திறந்த காற்றுக்கு வாருங்கள். நிற்காவிட்டால், மயக்கம் வந்தால் 108ஐ அழையுங்கள்.

தோலில் ஆறிய தாரோ பசையோ ஒட்டியிருந்தால் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள். பிறகு சோப்பால் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் வேண்டாம்.

சூடான தார் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். பற்பசை, மை எதுவும் தடவாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கண்ணில் பட்டால் தண்ணீரால் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தை பிரைமரையோ தின்னரையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; திரும்பி வரும் திரவம் நுரையீரலுக்குள் போய்விடும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் இத்திரவங்களை ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பிறகு வெளியிலிருந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

மிச்சம்

மிச்ச டேப்பையும் காலி டப்பாவையும் எரிக்காதீர்கள். வெந்நீர் அடுப்பில் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. டப்பாவை இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். வெட்டிய துண்டுகளைத் தனிப் பையில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் என்னவென்று சொல்லிக் கொடுங்கள். அவர் கையும் கைதான்.

இந்த ஆண்டு முதல் நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு டேப் சுருளோடும் இந்தக் குறிப்புகளைத் தமிழில் அச்சிட்டுத் தருகிறோம். கூரை ஏறத் தெரிந்த ஒரு தொண்டரும் உடன் வருவார். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், பள்ளி செல்லும் பிள்ளைகள் இதை ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டுக் கேஸ் டியூபின் தேதியைப் பாருங்கள்.