பருவ வயது மூளையும் வீட்டார் தவறவிடும் எச்சரிக்கைகளும்

பூப்பு உடம்பில் தெரிவதற்கு முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சினைப்பையையோ விந்தகத்தையோ முடுக்குகிறது. அங்கே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் இரத்தத்தோடு மூளைக்கு வந்து அதன் இணைப்புகளை மாற்றியமைக்கின்றன. உணர்ச்சியையும் ஆசையையும் கையாளும் ஆழ்பகுதிகள் முதலில் வேகமெடுக்கின்றன. விளைவை எண்ணிப் பார்த்துத் தடுத்து நிறுத்தும் நெற்றிப்பக்க மூளைப் பகுதி முதிர ஏறத்தாழ 25 வயதாகிறது. பதின்வயதுக் கோபத்துக்கும் துணிச்சலுக்கும் இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோனும் இந்த வயதில் இரவில் தாமதித்தே சுரக்கிறது. 13 முதல் 18 வயதுவரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். இரவு வெகுநேரம் டியூஷன், விடியுமுன் சிறப்பு வகுப்பு என்று அட்டவணை போடும் பள்ளிகளும், அதற்குத் தலையாட்டும் பெற்றோரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. மனநோய்கள் பலவும் தலைகாட்டத் தொடங்குவது இந்தப் பருவத்தில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, நண்பர்களை அறவே ஒதுக்குவது, இல்லாத குரல் கேட்பது, சாவைப் பற்றிப் பேசுவது ஆகியவை “வயசுக் கோளாறு” அல்ல. மந்திரிப்பவரிடமும் ஜோசியரிடமும் மாதங்களைக் கழித்துவிட்டுக் கடைசியில் மருத்துவமனைக்கு வருவதால் நோய் முற்றிவிடுகிறது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் முதலில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசுவார்கள். நேரில் என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எடுத்து மனநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சீட்டையும் மருந்துக் குறிப்பையும் பத்திரப்படுத்த வேண்டும்; அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். “போகப் போகச் சரியாகிவிடும்” என்று அலட்சியமாகத் திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 18ஆம் பிரிவு சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. 28ஆம் பிரிவின்படி முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் புகார் தரலாம்; அதை எழுத்தில் தந்து, நகலில் தேதியுடன் கையொப்பம் பெறுவது நல்லது. அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும், அதன்பின் மாநில மனநல ஆணையத்துக்கும் போகலாம்.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து “வயிற்றுவலி” என்று சொல்லிச் சேர்ப்பது இன்றும் நடக்கிறது. உண்மையை மறைத்தால் சிகிச்சை தவறிப்போகும், உயிரே போகும். அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்படாதவரை அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. என்ன நடந்தது என்பதை அவசரப் பிரிவு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காயம் ஆறியதும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடாமல், டிஸ்சார்ஜுக்கு முன்பே மனநல மருத்துவரிடம் காட்டி, அடுத்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.