வல்லாரையும் வர்ணமும்

காவேரிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு நவராத்திரியன்று சென்றிருந்தோம். கொலுவின் முன் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். நண்பரின் பெண் பாடத் தொடங்கினாள். 15 வயது, நம்மிடம் பத்தாம் வகுப்பில் படிப்பவள், 7 வருஷமாகச் சங்கீதம் பயில்பவள். பச்சிமிரியம் ஆதியப்பையர் பைரவி ராகத்தில் இயற்றிய 'விரிபோணி' என்னும் அட தாள வர்ணத்தை எடுத்துக்கொண்டாள். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் எல்லாம் குறைவின்றி நடந்தன. சரணத்தில் இரண்டாவது ஸ்வரக் கட்டைப் பாடி முடித்துச் சரண அடிக்குத் திரும்பியவள் திகைத்து நின்றுவிட்டாள். தாளம் போட்ட கை மட்டும் ஓயவில்லை. மறுபடி சரண அடியைப் பாடினாள். மறுபடி இரண்டாவது கட்டே வந்தது. மூன்றாவது வரவே இல்லை. யாரோ ஓர் அம்மாள் இரக்கத்துடன் கைதட்டவே, பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு நண்பர் நம்மிடம் மெல்லச் சொன்னார்: "பரீட்சை வருஷம் வேறு. ஞாபகம் இல்லாத குழந்தைக்குப் பாட்டு எதற்கு, ஸார்? நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்."

அதைக் கதவோரத்தில் நின்றவளும் கேட்டாள். கேட்கட்டும் என்றே சொன்னாரோ என்னவோ. ஆனால் பதில் வந்தது அவருடைய தாயாரிடமிருந்து. "ஒரு மண்டலம் எனக்குக் கொடு. 48 நாள் வல்லாரைச் சாறு கொடுக்கிறேன். அப்புறம் உன் இஷ்டம்."

ஞாபக சக்திக்கென்று நம் வீடுகளில் வழங்கும் மருந்துகள் கொஞ்சமல்ல. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பு ஒன்று. அதற்குப் 'பேர் சொல்லா மருந்து' என்றே ஒரு பெயர் உண்டு. புத்தியை வளர்க்க வந்த சரக்கின் பெயரையே சொல்லக் கூடாதென்று வைத்தவர்களின் வேடிக்கையை என்னென்பது! ஆயினும் மாணவர்களுக்கென்று ஏற்பட்டது வல்லாரைதான். ஈரத் தரையில் படர்ந்து, வட்டமான இலையை ஒற்றைக் காம்பின்மேல் தாங்கி நிற்கும் இதைச் சரஸ்வதிக் கீரை என்றும் சொல்வார்கள். வடதேசத்தில் சில பகுதிகளில் இதனைப் பிராமி என்கிறார்கள். வேறு பகுதிகளில் அதே பெயர் நீர்ப்பிரமிக்கு வழங்குகிறது. இரண்டும் வெவ்வேறு செடிகள். சிறிய தடித்த இலைகளையுடையது நீர்ப்பிரமி. ஒன்றைப் பற்றிய கீர்த்தியை மற்றொன்றின் தலையில் ஏற்றுவது நாட்டு மருந்துக் கடைகளில் மட்டுமன்றி, படித்தவர்களிடத்தும் உண்டு.

நம் நாட்டுப் பொருள் என்பதற்காகவே ஒன்றைப் புகழ்வதும், அதே காரணத்துக்காக இகழ்வதும் நமக்கு உடன்பாடல்ல. ஆகவே விஞ்ஞானிகள் என்ன கண்டார்கள் என்று தேடிப் பார்த்தோம். நீர்ப்பிரமியின் சத்தை 12 வாரம் உட்கொண்டவர்களிடம் கற்பதிலும் நினைவில் பதிவதிலும் ஓரளவு அபிவிருத்தி தென்பட்டதாக, 2001இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை கூறுகிறது. வல்லாரையின் நிலை வேறு. பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரையில், அதனால் ஞாபகம் வளர்கிறது என்பதற்குத் திடமான ஆதாரம் கிடைக்கவில்லை. மனத்தில் சற்றுச் சுறுசுறுப்பு உண்டாகலாம் என்ற அளவே தேறியது. நீர்ப்பிரமி பலருக்கு வயிற்றைப் புரட்டும். வல்லாரையை நாள்தோறும் மிகுதியாக உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகவும் அபூர்வமாகச் செய்திகள் உண்டு. துவையலாக என்றோ ஒருநாள் உண்பது வேறு, மண்டலக் கணக்கில் சாறு குடிப்பது வேறு. இதைப் பாட்டியிடம் சொல்லி, வைத்தியரைக் கேட்டுக்கொண்டு தொடங்கும்படி வேண்டினோம். கேட்டுக்கொண்டார்கள். தினம் ஒரு சிறு கரண்டி என்று திட்டமாயிற்று.

இனி, அந்த 48 நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

விடியற்காலை 5 மணிக்குச் சாறு. அது தொண்டையில் இறங்கியதும் பாட வேண்டும் என்பது பாட்டியின் சட்டம். சாற்றின் குணம் வீணாகிவிடுமாம். மருந்து சாப்பிடும் காலத்தில் பத்தியம் வேண்டாமா? உப்பையும் புளியையும் விட்டுவிட்டு, ஸ்வரப் புத்தகத்தையும் கைபேசியையும் பத்தியமாக்கினார் பாட்டி. இரண்டும் அவருடைய அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டன. அதுவரையில் அந்தப் பெண், ஆசிரியை பாடிய ஒலிப்பதிவைக் கைபேசியில் ஓடவிட்டு, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கூடப் பாடிவந்தவள். ஒருநாளில் பத்துத் தடவை பாடியிருப்பாள். தானாக நினைவுகூர்ந்து ஒரு தடவையும் பாடியதில்லை.

இரவில் படுக்குமுன் பரீட்சை. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்: "மூணாவது ஸ்வரம் பாடு." "முக்தாயியைப் பாதியிலேருந்து எடு." முதலிலிருந்து தொடங்க அனுமதி கிடையாது. தவறினால் உடனே திருத்தவும் மாட்டார், "யோசி" என்பார். யோசித்தும் வராவிட்டால்தான் அலமாரி திறக்கும்.

சங்கீதம் அறிந்தவர்களுக்கு இதன் அருமை புலப்படும். வர்ணத்தின் சரணத்தில் ஒவ்வொரு ஸ்வரக் கட்டும் அதே சரண அடியில் வந்து முடிகிறது. நாலு தெரு கூடும் சந்தியைப்போல், எத்தனை தடவை வந்தாலும் இடம் ஒன்றே. அடுத்த தெரு எது என்பதுதான் மறக்கும். தொடக்கத்திலிருந்து ஓட்டமாகப் பாடிப் பழகியவருக்கு அந்தச் சந்தியில் கால் தடுமாறும். எந்தத் தெருவிலும் நேரே நுழையப் பழகியவருக்குத் தடுமாற்றமில்லை.

பாட்டிக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது? அவரும் இளமையில் இதே வர்ணத்தைப் பாடம் செய்தவராம். 17 வயதில் கல்யாணம். பாட்டு அத்துடன் நின்றது. இன்று 78 வயதில், புத்தகமில்லாமல், மூன்றாவது ஸ்வரத்தை நமக்குப் பாடிக் காட்டினார். குரல் நடுங்கியது, ஸ்வரம் நடுங்கவில்லை. "சின்ன வயதில் உங்களுக்கும் வல்லாரை கொடுத்தார்களோ?" என்று கேட்டோம்.

"எங்க ஊர் வறண்ட மேட்டு பூமி, வாத்தியாரே. அங்கே வல்லாரை ஏது?" என்றார், தாம் சொன்னதன் பொருளைக் கவனியாமலே!

ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமற்ற அசைகளை நெட்டுருப் போட்டுத் தம்மையே சோதித்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டதன் பயன், மூன்று நாளில் பகிர்ந்து 38 தடவை உருப்போட்டதிலேயே அவருக்குக் கிடைத்தது. 2006இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடந்த சோதனை இன்னும் சுவையானது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிஷம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து பழகியவர்களோ, ஒரு வாரம் கழித்து அவர்களை மிஞ்சினார்கள். பிழைக்குத் தண்டனையாக 'பத்துத் தடவை எழுதி வா' என்று எத்தனையோ வருஷம் பிள்ளைகளை வாட்டிய நமக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான். சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டு வெளியிடும் வரையில், முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் பெரும்பாலானவை சிஷ்யர்களின் தொண்டையிலும், சில ஏட்டுச் சுவடிகளிலுமே குடியிருந்தன. நினைவுகூர்ந்து பாடாமல் அவை எப்படிப் பிழைத்திருக்கும்?

தை மாதம், தியாகராஜ ஆராதனையையொட்டி அவ்வூரில் நடந்த சிறு வைபவத்தில் அந்தப் பெண் மறுபடி பாடினாள். அதே வர்ணம். சரணம் வந்தபோது, முன்வரிசையில் இருந்த நண்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஸ்வரம் முடிந்தது. சரண அடி வந்தது. மூன்றாவது, தயக்கமின்றி, தாளத்தின் எடுப்பில் வந்து நின்றது. நண்பர் நிமிர்ந்தார். பாட்டை நிறுத்தும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

"எல்லாம் கீரையாலேதான்" என்று பாட்டி அன்று ஊராரிடமெல்லாம் சொன்னார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் நம்மிடம் தனியே வந்தாள். சாறு வயிற்றைப் புரட்டியபடியால் இருபதாம் நாளுக்குப் பிறகு அதைக் குடிக்கவேயில்லை என்றும், விடியற்காலை இருட்டில் கொல்லைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவந்ததாகவும் சொன்னாள். "பாட்டிகிட்டே சொல்லிடாதீங்கோ, ஸார்."

சொல்லவில்லை. ஆனால் பாட்டி இப்பத்திரிகையை விடாமல் வாசிப்பவர். ஆகையால்தான் ஊரின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறோம்.